இருட்டு மாதத்துக்கு ஒரு டிக்கெட்

நார்வேக்கு எந்த மாதம் போனால் நல்லது என்று இப்போது யாரும் மனிதர்களிடம் கேட்பதில்லை. கைபேசியில் கேட்கிறார்கள். அது அரை நிமிடத்தில் விமானம், விடுதி, பார்க்க வேண்டிய இடங்கள் எல்லாவற்றையும் அடுக்கிக் கொடுத்துவிடுகிறது. குன்னூரில் நான் வேலை பார்த்த டிராவல்ஸ் ஆபீஸில் இப்போது இருக்கும் பெண்கள் போன மாதம் என்னைப் பார்க்க வீட்டுக்கு வந்தார்கள். "வர்றவங்க எல்லாரும் பிளானோடதான் வர்றாங்கக்கா. டிக்கெட் போட மட்டுந்தான் நாங்க. உங்க காலத்துல உக்காந்து என்னதான் பேசுவீங்க? எழுதிக் குடுங்க" என்றார்கள். அந்தக் கைபேசித் திட்டங்கள் சிலவற்றை நானும் வாங்கிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கின்றன. குறை சொல்ல எதுவுமில்லை. கேட்டார்கள் என்பதற்காக நினைவில் இருப்பதைச் சொல்கிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது அந்த ஆபீஸில் ரயில் டிக்கெட்டும் காசி, ராமேஸ்வரம் பயணங்களும்தான். கோயிலுக்குப் போகிறவர்களுக்குக் கீழ்ப் படுக்கை வாங்கித் தருவதில் சில வருடங்கள் கழிந்தன. பிறகு எஸ்டேட் மேனேஜர்களும் ஊட்டி பஜார் வியாபாரிகளும் வெளிநாடு போக ஆரம்பித்தார்கள். விசா வேலையை நான் சென்னையில் வரிசையில் நின்றுதான் கற்றுக்கொண்டேன். மற்றதெல்லாம் இப்ராகிம் சாரிடம்.

ஆபீஸ் அவருடையது. அவருடைய அப்பா ஊட்டியில் கம்பளித் துணிக்கடை வைத்திருந்தவர். சார் கடையில் உட்காராமல் இளம் வயதில் சரக்குக் கப்பலில் ஸ்டோர்கீப்பராகச் சேர்ந்து, நார்வேயின் வடகோடித் துறைமுகங்கள் வரைக்கும் போய் வந்தவர். ஒரு குளிர்காலம் முழுவதும் அவருடைய கப்பல் பழுதாகி அங்கே ஒரு துறைமுகத்தில் கிடந்திருக்கிறது. அந்த நாட்டைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் போதும், கல்லாவை விட்டு எழுந்து வந்துவிடுவார்.

அவர் மேஜைக்கு எதிர்ச் சுவரில் நீளமாக ஒரு காகிதப் பட்டை ஒட்டியிருக்கும். பன்னிரண்டு மாதங்கள். எந்த மாதம் எவ்வளவு வெளிச்சம் என்பதை மஞ்சளிலும் கறுப்பிலும் அவரே வண்ணம் அடித்திருந்தார். ஜூன், ஜூலை முழு மஞ்சள். அங்கிருந்து மஞ்சள் ஒடுங்கிக்கொண்டே போய் நவம்பர் கடைசியில் முடிந்துவிடும். அதற்கப்புறம் கறுப்பு. ஜனவரி கடைசியில் ஒரு கீற்று மஞ்சள் மறுபடி தலைகாட்டும். வாடிக்கையாளரை அந்தப் பட்டையைப் பார்த்த மாதிரிதான் உட்கார வைப்பார். தேநீரை அவரே போட்டுக் கொண்டுவருவார். முதல் நாள் பாஸ்போர்ட்டைக் கையால் தொட மாட்டார்.

"அங்க போயி ஒரு நாள் முழுக்க மழை பேஞ்சுதுன்னா என்னங்க பண்ணுவீங்க?" இதுதான் அவருடைய முதல் கேள்வி.

புருஷனும் பெண்டாட்டியும் வேறு வேறு பதில் சொன்னால் அவருக்குச் சந்தோஷம். "அப்ப ரெண்டு பேருக்கும் தனித்தனியாப் போட்டுரலாங்க" என்பார். 'முடியாது' என்ற சொல் அவர் வாயில் வராது. "யோசிக்கலாங்க" என்பார். அதற்கு அர்த்தம் முடியாது என்பதுதான். ஆபீஸில் எல்லோருக்கும் இது தெரியும்.

ஒரு தடவை கோத்தகிரியிலிருந்து புதிதாகக் கல்யாணமான ஜோடி வந்தது. வானத்தில் பச்சையாக ஒளி ஆடுமே, அதைப் பார்க்க ஜூன் மாதம் போக வேண்டும் என்றார்கள். சார் எழுந்துபோய்ச் சுவரில் ஜூன் மாதத்தின் மேல் விரலை வைத்தார். ஒரு புள்ளி கறுப்புக்கூட இல்லை. அந்தப் பெண்தான் முதலில் சிரித்தாள். "ராத்திரியே இல்லாம அதை எங்க போயிப் பார்க்கிறது?" கடைசியில் செப்டம்பருக்குப் போனார்கள். இலையெல்லாம் பழுத்துக் கிடக்கும் காலம், குளிரும் தாங்கும்படி இருக்கும், ராத்திரியும் உண்டு. பார்த்துவிட்டும் வந்தார்கள்.

அருவங்காட்டுத் தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வுபெற்ற ஒருவரும் அவர் மனைவியும் ஜூனில் போனார்கள். ஜன்னலுக்குக் கறுப்புத் திரை உள்ள அறைதான் வேண்டும் என்று நான் விடுதிக்கு இரண்டு முறை எழுதியிருந்தேன். திரும்பி வந்த அம்மா என்னிடம், "அவரு திரையைப் போட்டுட்டு நல்லாத் தூங்குனாருங்க. நான் தெனமும் வெளிய வந்து உக்காந்துக்குவேன். எனக்குக் கல்யாணமாகி இத்தனை வருசத்துல ராத்திரிச் சோறாக்கற நேரமே வராம இருந்தது அப்பத்தானுங்க" என்றார். கறுப்புத் திரை அந்த அம்மாவுக்கு வேண்டியிருக்கவில்லை.

இப்படியே போயிருந்தால் என் வேலை சுகமான வேலைதான். லெட்சுமியம்மா வந்தது நான் ஓய்வுபெறுவதற்குச் சில வருடங்களுக்கு முன்னால்.

சேரம்பாடிப் பக்கம் அரசுத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்து ஓய்வுபெற்று, தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் குடியிருப்பவர். வயது எழுபதுக்குப் பக்கம். மகன் கண்ணன் ஜீப் ஓட்டுகிறவன். அவனோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். மழைக்காலம், இருவரும் நனைந்திருந்தார்கள். கதை இதுதான். லெட்சுமியம்மா இலங்கையில் கண்டிப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். இரு நாட்டு ஒப்பந்தத்தின்படி தோட்ட ஆட்களைப் பிரித்து இந்தியாவுக்கு அனுப்பியபோது அவர் புருஷன் வீட்டாரோடு இங்கே வந்துவிட்டார். ஒரே தங்கை சரஸ்வதி அங்கேயே தங்கிவிட்டார். சரஸ்வதி பிறகு யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவரைக் கட்டிக்கொண்டு, சண்டைக் காலத்தில் அவரோடு நார்வேக்குப் போய், வடகோடியில் ஒரு சின்ன ஊரில் மீன் ஃபேக்டரியில் வேலை பார்த்து அங்கேயே நிலைத்துவிட்டார். அக்காவும் தங்கையும் கப்பலடியில் பிரிந்ததுதான். நாற்பது வருடங்களுக்கு மேலாகிவிட்டது. பாதிக் காலம் கடிதம், மீதிக் காலம் கைபேசியில் முகம்.

தங்கை புருஷன் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவர்களுடைய மகன் நிரோஷன் மீன்பிடிக் கப்பலில் இன்ஜினியர். பெரியம்மாவுக்கான டிக்கெட்டை அவன் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தான்.

நான் வழக்கம்போல ஜூனைச் சொன்னேன். வெயில், பூ, பனி உருகி ஓடும் அருவிகள் என்று படங்களை எடுத்துக் காட்டினேன். லெட்சுமியம்மா படங்களைப் பார்க்கவேயில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"புள்ள, அந்தக் கறுப்பா இருக்கிறது எந்த மாசம்?"

"அது டிசம்பர், ஜனவரிங்கம்மா. பொழுதே விடியாது. நடுப்பகல்ல கொஞ்ச நேரம் நீலமா ஒரு வெளிச்சம் வரும், அவ்வளவுதான்."

"அப்ப அதுக்குப் போடு."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. "வெளிச்சமா இருக்கையில அவளச் சுத்தி ஆளு இருக்கு. மகன் இருப்பான், பக்கத்து வீட்டு வெள்ளக்காரி வருவா, தோட்டம் போடுவா. இருட்டு வந்திருச்சுன்னா மகன் கடலுக்குப் போயிருவான். இவ அடுப்பப் பத்த வைக்கிறதில்ல, வாசக்கதவத் தொறக்கிறதில்ல. போனுல என் மொகத்தப் பாத்துக்கிட்டுப் பேசாமலே இருப்பா. போன வருசம் அந்த மாசமெல்லாம் நான் இங்க லயத்துல இருந்துக்கிட்டு என்னத்தச் செய்ய? வெளிச்சத்துக்கு நான் எதுக்கு புள்ள?"

இப்ராகிம் சார் இதைக் கேட்டுக்கொண்டு வந்து நின்றார். கப்பலில் கழித்த அந்தக் குளிர்காலம் அவர் முகத்தில் வந்து போனது எனக்குத் தெரிந்தது. "யோசிக்கலாங்கம்மா" என்றார்.

"யோசிங்க. நான் இருக்கேன்" என்று லெட்சுமியம்மா முந்தானையால் தலையைத் துவட்டிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

சார் அன்று நிறையப் பேசினார். ஐஸ் மேல் விழுந்தால் இடுப்பு போய்விடும் என்றார். புயல் அடித்தால் விமானம் இறங்காது, சாலையை மூடிவிடுவார்கள் என்றார். கடைசியில் பிப்ரவரி முடிவு என்று ஒரு சமாதானத்துக்கு வந்தார்கள். சூரியன் திரும்பியிருக்கும், ஆனால் குளிர்காலம் போயிருக்காது. லெட்சுமியம்மா அரைமனதாகச் சரி என்றார்.

குளிர்காலப் பயணிகளுக்கு சார் வைத்திருந்த நடைமுறை ஒன்று உண்டு. ஜனவரி விடியற்காலையில் ஊட்டிக்குப் பக்கத்தில் தலைக்குந்தாவுக்கு அழைத்துப்போவார். அங்கே புல்வெளி முழுவதும் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும். வாங்கிய உடுப்பு முழுவதையும் போட்டுக்கொண்டு அதில் அரை மணி நேரம் நடக்க வேண்டும். உடம்போடு ஒட்டி மெல்லிய கம்பளி, அதன்மேல் தடித்த கம்பளி, எல்லாவற்றுக்கும் மேல் காற்றுப் புகாத கோட்டு. பருத்தி ஒரு இழைகூட இருக்கக் கூடாது. வியர்வை அதில் தங்கிக் குளிரில் உடம்பை நனைத்துவிடும். லெட்சுமியம்மா எல்லாவற்றுக்கும் சம்மதித்தார், சேலையை விடுவதற்கு மட்டும் சம்மதிக்கவில்லை. கடைசியில் உள்ளே கம்பளிக் கால்சட்டை, அதன்மேல் சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகி, மேலே கணுக்கால் வரை கோட்டு என்று முடிவானது. புல்வெளியில் நாலடி வைத்ததுமே வழுக்கி உட்கார்ந்துவிட்டார். சார் பதறிப்போய் ஓடினார். "விடுங்க தொரை, விழுந்து பாத்தாச்சு. இனி பயமில்ல" என்று கையை ஊன்றி எழுந்தார். பூட்ஸின் அடியில் மாட்டும் முள்பட்டையைக் கட்டிவிட்ட பிறகு விழவில்லை.

அந்த மாதமே விசா மறுக்கப்பட்டு வந்தது. இவர் திரும்பி வருவார் என்று நம்பப் போதிய காரணம் இல்லை என்று எழுதியிருந்தார்கள்.

"திரும்பி வராம நான் அங்க என்ன செய்யப் போறேன்? இங்க ஆடு ரெண்டு கட்டிக் கெடக்கு" என்றார் லெட்சுமியம்மா. அவர் கோபப்பட்டது அந்த ஒரு வாக்கியம்தான்.

அந்தக் குளிர்காலம் மோசமாகக் கழிந்தது. சரஸ்வதி போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார். நிரோஷன் கடலில் இருந்தான். பக்கத்து வீட்டுப் பெண் போய்ப் பார்த்து, கதவைத் திறந்தார், உயிரோடு இருக்கிறார், பேசவில்லை என்று செய்தி அனுப்பினார். சேரம்பாடியிலிருந்து லெட்சுமியம்மா வாரா வாரம் எனக்குப் போன் செய்வார். விசாவைப் பற்றிக் கேட்கமாட்டார். "இன்னைக்கு அங்க எம்புட்டு வெளிச்சம் புள்ள?" என்பார். நான் சுவரைப் பார்த்துச் சொல்வேன். ஏப்ரலில் சரஸ்வதி தானாகவே போன் செய்து ஆட்டைப் பற்றி விசாரித்தாராம்.

மறுக்கப்பட்ட விண்ணப்பத்தை சார் மேஜையில் வைத்துக்கொண்டு பல நாள் உட்கார்ந்திருந்தார். ஒரு காலை என்னைக் கூப்பிட்டார். "சுத்திப் பார்க்கறதுக்குன்னு எழுதுனோம் ராஜி. பிப்ரவரி மாசம், எழுவது வயசு அம்மா, அந்த ஊர்ல என்னத்தச் சுத்திப் பார்க்கப் போறாங்கன்னு அவங்களுக்கும் தோணியிருக்குமல்ல? உள்ளத எழுதிரலாம். அவங்க கேட்ட மாசத்துக்கே."

"ஜனவரி வேண்டாம்னு நீங்கதானேங்க சார் சொன்னீங்க?"

"யோசிச்சேன்" என்றார்.

உள்ளதை எழுதினோம். புருஷனை இழந்த தங்கை, இருட்டு மாதங்களில் தனியாக இருக்கிறார். அக்கா வெளிச்சம் வரும்வரை கூட இருந்துவிட்டுத் திரும்புவார். ஊரில் மகனும் பேரப்பிள்ளைகளும் ஆடுகளும் இருக்கின்றன. ஆடுகளை எழுதலாமா என்று தயங்கினேன். சார் எழுதச் சொன்னார். நிரோஷன் அங்கிருந்து தன் பங்குக்கு எழுதினான். விசா வந்தது.

வழி நீளமானது. கோழிக்கோட்டில் ஏறி, வளைகுடாவில் மாறி, ஓஸ்லோ. அங்கிருந்து வடக்கே ஒரு விமானம். கடைசியில் நம் ஊர் டவுன் பஸ் அளவுக்கு ஒரு குட்டி விமானம். எல்லா இடத்திலும் சக்கர நாற்காலிக்குச் சொல்லியிருந்தேன். லெட்சுமியம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. "எனக்குக் கால் நல்லாத்தானே இருக்கு."

"நாற்காலி காலுக்கு இல்லீங்கம்மா, பாஷைக்கு. தள்ளிக்கிட்டுப் போறவங்க கூடவே இருப்பாங்க, சரியான எடத்துல கொண்டுபோய் விடுவாங்க" என்றேன். அதற்கப்புறம் ஒத்துக்கொண்டார்.

நவம்பர் கடைசியில் கிளம்பினார். ஓஸ்லோ வரை ஒரு சிக்கலும் இல்லை. மறுநாள் மத்தியானம் நானும் சாரும் ஆபீஸில் கடைசி விமானத்தைக் கணினியில் பார்த்துக்கொண்டிருந்தோம். இறங்க வேண்டிய நேரம் கடந்தது. சரஸ்வதியின் ஊரில் பனிப்புயல். விமானம் இறங்க முடியாமல் திரும்பி, பக்கத்து ஊர் நிலையத்தில் இறங்கியிருந்தது. விமான நிறுவனத்துக்குப் போன் செய்தேன். பயணிகள் பத்திரம், ஆனால் இரண்டு ஊருக்கும் நடுவில் மலைச்சாலையை மூடிவிட்டார்கள், பஸ் எப்போது கிளம்பும் என்று சொல்ல முடியாது என்றார்கள். லெட்சுமியம்மாவின் கைபேசி அணைந்து கிடந்தது. நிரோஷன் கடலில். கண்ணன் சேரம்பாடியிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தான்.

சரஸ்வதியைக் கூப்பிட எனக்குத் தயக்கம். இருட்டு தொடங்கிவிட்ட காலம். போனை எடுப்பாரா என்றே தெரியாது. எடுத்து, இதைக் கேட்டு இன்னும் ஒடுங்கிப்போனால்? ஆனால் சொல்லாமல் இருக்க முடியாது. முதல் மணியிலேயே எடுத்தார்.

"அக்கா வந்திட்டாவோ?"

நடந்ததைச் சொன்னேன். "ரோட்டுப் பூட்டு எண்டால் உழவு வண்டிக்குப் பின்னால விடுவினம். நான் போறன்" என்றார்.

"அம்மா, புயல் அடிக்குதுங்களே, கொஞ்சம் பொறுத்து…"

"எனக்குத் தெரியும் பிள்ளை. நான் முப்பது வருசமா இஞ்சதான் இருக்கிறன்." போனை வைத்துவிட்டார்.

பனியைத் தள்ளிக்கொண்டு ஒரு பெரிய வண்டி முன்னால் போகும், கார்கள் அதன் பின்னால் ஒட்டி வரிசையாகப் போகும் என்று சார் விளக்கினார். விளக்கிவிட்டு உட்கார்ந்தார், எழுந்தார். அதற்கப்புறம் சரஸ்வதியும் போனை எடுக்கவில்லை. சாயங்காலம் ஆயிற்று. மற்றவர்கள் வீட்டுக்குப் போனார்கள். சார் தேநீர் போட்டுக் கொண்டுவந்து, அதைக் குடிக்காமலே என்னைப் பார்த்தார்.

"ரெண்டு பேரையும் தொலைச்சிட்டமா ராஜி?"

தங்கைக்குத் துணையாக ஒரு எழுபது வயதுக்காரரை அனுப்பப் போய், இப்போது இரண்டு பேரும் புயலில். அத்தனை வருட வேலையில் அப்படி ஒரு சாயங்காலம் எனக்கு வேறு கிடையாது.

கடையை அடைக்கும் நேரம் தாண்டிப் போன் அடித்தது.

"சரஸ்வதி கதைக்கிறன். அக்கா என்னோடதான் இருக்கா."

நான் சாருக்குக் கையை மட்டும் ஆட்டினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அதற்குள் போன் கைமாறி, "புள்ள, சாப்பிட்டியா?" என்று லெட்சுமியம்மாவின் குரல் வந்தது.

அங்கே நடந்ததை அவர் திரும்பி வந்த பிறகு சொன்னார். நாற்காலி தள்ளிய பெண் தன் வேலை நேரம் முடிந்தும் போகாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாளாம், குடிக்க ஏதோ சூடாகக் கொடுத்தாளாம். வெளியே எல்லாம் கறுப்பு. கதவு திறந்து, சிவப்புக் கோட்டுப் போட்ட ஒரு ஆள் உடம்பெல்லாம் பனியோடு வந்து நின்றது. ஆணா பெண்ணா என்றுகூட இவருக்குத் தெரியவில்லை. அந்த ஆள் தொப்பியைக் கழற்றாமலே இவர் காலடியில் பார்த்து, "அக்கா, பேக்கு இவ்வளவுதானா?" என்று கேட்டது.

"எனக்குக் கோவம் வந்திருச்சு புள்ள. ஏன்டி, இந்த இருட்டுல நீ எதுக்குடி வந்தேன்னு ஏசிப்புட்டேன். அப்பறந்தான் ரெண்டு பேரும் அழுதோம்."

பக்கத்து வீட்டுப் பெண்தான் காரை ஓட்டி வந்திருக்கிறார். புருஷன் போனதிலிருந்து குளிர்காலத்தில் வாசல்படி தாண்டாத சரஸ்வதி அவர் வீட்டுக் கதவைத் தட்டி, சாவியை எடு என்று சொன்னாராம்.

அந்த இரண்டு மாதங்களில் அவர்கள் எதையும் சுற்றிப் பார்க்கவில்லை. சமைத்தார்கள், சண்டை போட்டார்கள், மதியம் நீல வெளிச்சம் வரும்போது முள்பட்டை கட்டிக்கொண்டு கடற்கரை வரை நடந்தார்கள். ஜனவரியில் சூரியன் திரும்பும் நாளில் ஊரே ஒரு மேட்டில் கூடி நின்றிருக்கிறது. அன்று மேகம் மறைத்துவிட்டது. மறுநாள் இவர்கள் இருவர் மட்டும் போய் நின்று பார்த்தார்களாம். "ஆரஞ்சுச் சுளை மாதிரி கொஞ்சூண்டு எட்டிப் பாத்திச்சு. சரசு கன்னத்துல அது பட்டுச்சு. நான் சூரியன எங்க பாத்தேன்? அவளத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்." சொன்ன தேதியில் லெட்சுமியம்மா திரும்பி வந்துவிட்டார்.

அடுத்த நவம்பரில் நிரோஷனிடமிருந்து போன் வந்தது. இந்த முறை டிக்கெட் எதிர்த்திசையில். சரஸ்வதி இருட்டு மாதங்களுக்குச் சேரம்பாடி வருகிறார். அந்தப் பயணத்துக்கு நான் திட்டம் என்று எதுவும் போடவில்லை. கோழிக்கோட்டில் கண்ணன் ஜீப்போடு நிற்பான், அவ்வளவுதான். அதற்கடுத்த வருடமும் வந்தார். இப்போதும் வருகிறார்.

முதல் முறை வந்திருந்தபோது என்னையும் சாரையும் சாப்பிடக் கூப்பிட்டார்கள். போனோம். டிசம்பர் மாதம், மழை ஓய்ந்து தேயிலையெல்லாம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. லயத்தின் முன்னால் முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு சரஸ்வதி உட்கார்ந்திருந்தார். கண்ணை மூடி, முகத்தை வெயிலுக்கு நேராக நிமிர்த்தி வைத்திருந்தார். நாங்கள் வந்தது அவருக்குத் தெரியவில்லை. உள்ளே அடுப்படியிலிருந்து லெட்சுமியம்மா குரல் கொடுத்தார்.

"அடியே, காலையில இருந்து அங்கேயே கெடக்குறியே, உள்ள வா. கறுத்துப் போயிருவ."

"கறுக்கட்டும் அக்கா" என்றார் சரஸ்வதி, கண்ணைத் திறக்காமல்.